இரண்டு விரல் காத்திருப்பு

வெள்ளை அரசின் மாண்புமிகு அதிபராக, மார்பில் பட்டுப் பட்டையும் கையில் வெண்கல மணியும் தாங்கி நடுநாயகமாக வீற்றிருக்கும், ஏழு சூரைமீன் படகுகளின் உரிமையாளர் தோன் எவுதோரோ கிஹிஹே அவர்களே; எதிர்வரிசையில் கறுப்பு அரசின் மாண்புமிகு அதிபராக அமர்ந்து, நான் எங்கே தடுக்கி விழுவேன் என்று பார்த்திருக்கும் என் பட்டறைத் தோழி அவுக்சி அவர்களே; புனித பேதுருவின் சுரூபத்தைச் சுமந்து வந்து இன்னும் தோளைத் தேய்த்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே; கடலுக்குக் கணவனைக் கொடுத்துவிட்டுக் கரையில் கண்ணை வைத்துக் காத்திருக்கும் கொர்வினாத் துறையின் தாய்மார்களே; வேர்க்கடலைக் குழம்பு வாசனை வந்ததும் எழுந்து ஓடத் தயாராக இருக்கும் தம்பிமார்களே; வானொலி நிலையத்தில் ஒலிவாங்கியைத் திறந்து வைத்து, இந்தப் பேச்சைக் கடலில் நிற்கும் படகுகளுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கும் ஹோல்கர் அவர்களே; உங்கள் எல்லோருக்கும் ரப்பர்த்துறை அமைச்சர் மொன்செராத்தே அஞ்சுந்தியாவின் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். திருநாளுக்கு இரண்டு நாள் விளையாட்டு ஆட்சி, வெள்ளை அரசு ஒன்று, கறுப்பு அரசு ஒன்று. அதில் மீன்துறை, மழைத்துறை, மாப்பிள்ளைத்துறை என்று நல்ல இலாகாவையெல்லாம் ஆண்கள் பங்கு போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த ரப்பரை என் தலையில் கட்டினார்கள். ஆனால் கேட்கிறேன், இந்தத் துறையில் எந்தப் படகு ரப்பர் இல்லாமல் கடலேறியது? இயந்திர அறை மூடியின் விளிம்பைச் சுற்றிக் கட்டைவிரல் கனத்தில் ஒரு கறுப்பு நாடா ஓடுகிறதே, அது இல்லாவிட்டால் அந்த இரும்பு மூடி வெறும் தட்டுதானே? மேலே கடல், கீழே கணவன், நடுவே நான் செய்த நாடா. இருபத்திரண்டு வருஷமாக மந்தா துறைமுகத்துப் பட்டறையில் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறேன், வெட்டுகிறேன், மூலை ஒட்டுகிறேன்.

கறுப்பாக இருப்பதெல்லாம் ஒன்றா? ஒரு கறுப்பு வெயிலைத் தாங்கும், எண்ணெய் பட்டால் ஊதிப் பல்லிளிக்கும். இன்னொரு கறுப்பு எண்ணெயிலேயே குளிக்கும். அதனால் ஒவ்வொரு சுருளிலும் ஒரு துண்டு நறுக்கி டீசலில் ஊறப்போடுவோம். ஊதாததை எடுத்து இரண்டு தகட்டுக்கு நடுவே நசுக்கித் திருகி, ஒரு நாள் முழுக்கச் சூட்டில் வைப்போம். பிறகு திருகைத் தளர்த்தி, அரைமணி நேரம் விட்டுப் பார்ப்போம், எவ்வளவு எழுந்து வந்திருக்கிறது என்று. எத்தனை அழுத்தினாலும் தன் பழைய உருவத்துக்குத் திரும்புவதுதான் நல்ல ரப்பர். திரும்புகிறதா என்று பார்ப்பதே எனக்குத் தொழில், தாய்மார்களே. வீட்டிலும் அதே தொழில்தான்.

தேர்ந்தெடுத்தால் போதுமா? முடிக்க வேண்டாமா? நான்கு துண்டாக வெட்டி, முனைகளைச் சாய்வாகச் சீவி, நடுவே வேகாத ரப்பர் வைத்து, சூடான அச்சில் அழுத்தினால் நான்கும் ஒரே வளையம். பிதுங்கியதைச் சீவிப் பவுடர் தூவினால் வேலை முடிந்தது. ஆனால் சரியான அளவுக்கு வெட்டக் கூடாது. இரண்டு விரல் கூட விட வேண்டும். மூடியின் காடிப் பள்ளத்தில் ரப்பரைத் தள்ளித்தான் உட்கார வைக்க வேண்டும், இழுத்து உட்கார வைக்கக் கூடாது. இழுத்த ரப்பர் இன்றைக்கு எட்டும். பத்து நாள் வெயிலில் தன் நீளத்துக்கே சுருங்கி, மூலையில் வாயைத் திறக்கும். அந்த இரண்டு விரலுக்கு எங்கள் பட்டறையில் ஒரு பெயர் உண்டு: காத்திருப்பு. "காத்திருப்பு விட்டியாடி?" என்று கேட்காமல் அவுக்சி எனக்குக் கத்தியைக் கொடுக்க மாட்டாள். இன்று அதிபர் என்பதால், மாட்டார்.

ஏப்ரல் மாதம், ஒரு சனிக்கிழமை. பட்டறையில் நான் மட்டும். தோன் எவுதோரோவின் ரொசாலிந்தா படகுக்கு இயந்திர அறை மூடி நாடா. டீசலில் ஊறியும் ஊதாத நல்ல சுருள், நானே தேர்ந்தது. நான்காவது துண்டு வெட்டும்போது சுருள் தீர்ந்துபோயிற்று. காத்திருப்பு கிடக்கட்டும், அளவுக்கே இரண்டு விரல் குறைந்தது. அடுத்த சுருள் வரப் பன்னிரண்டு நாள். அந்த நேரம் பார்த்து ரொசாலிந்தாவின் இயந்திரக்காரர் உள்ளே வந்தார். என் கணவர், உல்பியோ.

"முடிஞ்சுதா மொன்சே? இன்னிக்குக் கெளம்புனாத்தான் ஜூன்ல திருநாளுக்கு வந்து சேர முடியும். மூணு வருஷமா என் தண்ட வேற எவனோ தூக்குறான்."

சுரூபத்தின் இடது முன்தண்டு அவருக்கு உரியது, உங்களுக்குத் தெரியும்.

"அவன் உன்னவிட உயரம். சாமி சாயாம வருது," என்றேன்.

"அப்ப நான் வர வேணாமா?"

"வராம இருந்து பாரு, தெரியும்."

வர வேண்டும் என்ற ஆசை, தாய்மார்களே. சீக்கிரம் போனால் சீக்கிரம் வருவார் என்ற ஆசை. குறைந்த அளவிலேயே வளையத்தை ஒட்டினேன். படகில் ஏறி, காடியில் இழுத்து உட்கார வைத்தேன். உல்பியோ மூடி உட்காரும் வாய் விளிம்பில் சுண்ணக்கட்டி தேய்த்து, மூடித் திறந்து பார்த்தார். ரப்பரைச் சுற்றி வெள்ளைக் கோடு முழுசாக விழுந்திருந்தது, எங்கும் இடைவெளி இல்லை என்று அர்த்தம்.

"ஒரு எடத்துலயும் அறுபடல பாருங்க முதலாளி. கை யாரு கை," என்றார்.

தோன் எவுதோரோவும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

பத்தொன்பதாம் நாள், அலை மேல்தளத்தில் ஏறிய ஒரு மத்தியானம், மூடிக்குக் கீழே தண்ணீர் இறங்கியது. இயந்திரம் நின்றது. இரண்டு நாள் மிதந்த ரொசாலிந்தாவை வேறொரு படகு வடக்கே புந்தாரெனாஸ் துறைமுகத்துக்கு இழுத்துப் போனது. உயிருக்கு ஒன்றுமில்லை, புனித பேதுருவுக்கு நன்றி. மே மாதம் படகு திரும்பியது. உல்பியோ திரும்பவில்லை. மூடியின் திருகை இறுக்காமல் விட்டவன் என்று பெயர் வாங்கி, அங்கேயே இறங்கி, ஐஸ்கட்டி சுமக்கிறார்.

மணி அடிக்கிறீர்களா, அதிபரே? இது முதல் மணி. மூன்றாவது மணிக்குத்தான் அமைச்சர் உட்கார வேண்டும். சட்டப்படி இன்னும் இரண்டு பாக்கி.

அந்தப் பழைய நாடாவை நீங்கள்தானே என் மேசையில் கொண்டுவந்து போட்டீர்கள்? என்ன சொன்னீர்கள்? "இதே மாதிரி இன்னொன்னு பண்ணு. ரப்பர் மேல குத்தமில்ல, உன் ஆளு இறுக்கல. விடு." விட்டேன். நீங்கள் போனபின் அளந்தேன். கோடு முழுசாக விழுந்த அதே நாடா, ஒரு மூலை மட்டும் உள்ளே சுருங்கி, தேய்ந்து, வாயைப் பிளந்து கிடந்தது. இரண்டு விரல் குறைவு. அந்த மூலையை ஒட்டியவள் நான். காடியில் இழுத்தவள் நான். இறுக்காத திருகு எதுவும் அந்தப் படகில் இல்லை.

இரண்டாம் மணி. கேட்டது, அதிபரே.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்கிறார் அங்கே ஒரு பெரியவர். பயம், ஐயா. என் கைக்கு இருக்கும் பெயர் போனால் எனக்கு என்ன இருக்கிறது என்ற பயம். அதைவிட மோசம் ஒன்று சொல்கிறேன். போன மாதம் உல்பியோவே தொலைபேசியில் கூப்பிட்டார். "நாந்தான் ஒரு திருக விட்டுருப்பேன் போல மொன்சே. எண்ணி எண்ணிப் பாக்குறேன், ஞாபகம் வரல. எந்த மூஞ்சியோட அங்க வர்றது?" என்றார். செய்யாத தப்பை எண்ணி எண்ணித் தேடுகிறார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

இன்று காலை சுரூபம் தெருவில் வந்தது. இடது முன்தண்டில் மறுபடியும் அந்த உயரமான ஆள். உல்பியோ வரவேண்டும் என்றுதானே இழுத்தேன்? இழுத்ததால்தானே அவர் வரவில்லை? கட்டிலில் பாதி இடத்தை இன்னும் அவருக்கு விட்டுத்தான் படுக்கிறேன். பட்டறையில் யாராவது இருமினால் அவர்தான் என்று திரும்புகிறேன். இதை மேடையில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, சொல்கிறேன்.

ஹோல்கர், ஒலிவாங்கி திறந்திருக்கிறதா? புந்தாரெனாஸ் வரை போகுமா? படகுக்குப் படகு சொல்லியனுப்புவார்கள் என்கிறார். போதும்.

உல்பியோ, மேடைக்காக அவர் என்றேன். இப்ப நீன்னே சொல்றேன். நீ எல்லாத் திருகையும் இறுக்குன. எண்ணுறத நிறுத்து. கொறஞ்சது என் ரப்பர். அன்னிக்குக் கோடு அறுபடலன்னு நீ பாத்த, நான் பாத்தேன், முதலாளியும் பாத்தாரு. இங்கதான் ஒக்காந்திருக்காரு, கேட்டுக்கிட்டுதான் இருக்காரு.

என் தோளில் கிடப்பதைப் பாருங்கள், பெரியோர்களே. ரொசாலிந்தாவுக்குப் புதிய நாடா. மூன்று மூலை ஒட்டியாயிற்று. நான்காவதை ஒட்டவில்லை. உல்பியோ வந்து சுண்ணக்கட்டி தேய்த்துப் பார்க்காமல் அதை எந்த மூடியிலும் உட்கார வைக்க மாட்டேன்.

மூன்றாவது மணி இன்னும் அடிக்கவில்லை. அதிபர் அதை மேசைமேல் வைத்துவிட்டார். அவருக்கு என் முதல் நன்றி. பொறுத்துக் கேட்ட அவுக்சிக்கும், சிரிப்பை நிறுத்திய பின்வரிசைக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்ட தாய்மார்களுக்கும், என் குரலைக் கடலுக்குக் கொடுத்த ஹோல்கருக்கும் நன்றி. குழம்பு ஆறுகிறது, போய்ச் சாப்பிடுங்கள்.

உல்பியோ, இந்தத் தடவ இழுக்க மாட்டேன். ரெண்டு விரல் காத்திருப்பு விட்டு வெட்டி வச்சிருக்கேன். வணக்கம்.