கரடிக்கென்று ஒரு பெட்டி

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஊரில் பாதிப் பேர் முட்டைக்கோஸ் வளர்க்கிறார்கள். அலாஸ்கா கோடையில் சூரியன் மறைய மனமில்லாமல் நின்றுகொண்டிருப்பதால் ஒவ்வொரு கோஸும் கன்றுக்குட்டி கனத்துக்கு வந்துவிடும். ஆகஸ்டில் அதைப் பொருட்காட்சிக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்துப் பரிசு வாங்குவார்கள். எனக்கு நகத்தில் மண் ஏறினால் பிடிக்காது. அதனால் நான் தோட்டா செய்கிறேன்.

விற்பதற்கு இல்லை, மேடம். கைத்துப்பாக்கிக்கு மட்டும், பொழுதுபோக்காக. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை எடுத்துக் கழுவி, அடியில் தீப்பொறி கொடுத்து ஓய்ந்த பழைய கேப்பைத் தட்டிவிட்டுப் புதியதைப் பொருத்தி, வெடிமருந்து போட்டு, மேலே ஈயக் குண்டை அமுக்கி மூடினால் தோட்டா மறுபடியும் தயார். ஒருமுறை கூடுகளைத் துணி துவைக்கும் மெஷினில் போட்டுக் கழுவினேன் என்று என் மனைவி கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். புது மெஷின் வாங்கிய பிறகுதான் திரும்பி வந்தாள். இப்போது அவள் இல்லை. மெஷின் இருக்கிறது.

இந்தப் பொழுதுபோக்கில் இரண்டு வகை ஆட்கள் உண்டு. ஒரு வகையினர் மருந்தைத் தோட்டா மெஷினின் புனலில் மொத்தமாகக் கொட்டிவிட்டுக் கைப்பிடியை இழுத்துக்கொண்டே போவார்கள். டிவியில் ஹாக்கி ஓடும், பக்கத்தில் பீர் இருக்கும், தோட்டாக்கள் பாட்டுக்கு விழுந்துகொண்டிருக்கும். எங்கள் சுடும் கிளப்பின் தலைவர் வெர்ன் அந்த வகை. நான் மற்ற வகை. ஒவ்வொரு கூட்டுக்கும் மருந்தைத் தனித்தனியாகத் தராசில் நிறுத்துப் போடுவேன். மூடுவதற்கு முன் எல்லாவற்றையும் வரிசையாக நிற்கவைத்து, டார்ச் அடித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் குனிந்து பார்ப்பேன். அந்த நேரத்தில் ரேடியோகூடப் பாடக் கூடாது. போன் அடித்தால் அடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். இத்தனை வருஷத்தில் என் கையால் செய்த தோட்டா ஒன்றுகூட ஏமாற்றியதில்லை. இதை நீங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

டுவைட்டை உங்களுக்குத் தெரியும். பிணமாகத்தான் தெரியும். நான் அவனை எண்ணெய்க் கிணற்று வேலையில் சந்தித்தேன். ஒரே கூடாரத்தில் படுத்திருக்கிறோம், ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். துப்பாக்கி சுடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவன் வீட்டில் செய்த தோட்டாவை யாரும் தன் துப்பாக்கியில் போடுவதில்லை, அடுத்தவன் பல் பிரஷைத் தொடாத மாதிரி. டுவைட் மட்டும் என்னுடையதைப் போட்டான். ஞாயிற்றுக்கிழமைதோறும் என் பெட்டியைத் திறந்து, கேட்காமலே எடுத்துச் சுடுவான். அது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று அவனிடம் நான் சொன்னதில்லை.

இந்த வசந்தத்தில் கிளப் விருந்து நடந்தது. கடமான் கறி, சோள ரொட்டி, வழக்கமான கூட்டம். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் டுவைட்டிடம் கேட்டாள். "மீன் பிடிக்கப் போறப்பவும் ஆர்வில் தோட்டாதான் போட்டுக்குவீங்களா?"

ஆர்வில் என்பது நான்தான்.

டுவைட் கையில் இருந்த ஸ்பூனை ஆட்டினான். "அட நீ ஒண்ணும்மா. குறி அட்டையச் சுடறதுக்கு ஆர்வில் தோட்டா. கரடி எதுக்க வந்து நின்னா கடைத் தோட்டா. எம் பொண்டாட்டி என்னை முழுசா பாக்க வேணாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். வெர்னுக்குப் புரையேறி, பக்கத்தில் இருந்தவர் தலையில் தட்டினார். நானும் சிரித்தேன். "வாய் மட்டும் இல்லேன்னா உன்னை எப்பவோ நரி தூக்கிட்டுப் போயிருக்கும்டா" என்று பதிலுக்கு ஒன்று சொல்லிவைத்தேன்.

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. உயிர் விஷயத்தில் கடைத் தோட்டாதான் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். போலீஸான நீங்களும் அதைத்தானே இடுப்பில் வைத்திருக்கிறீர்கள். ஆனால் இத்தனை வருஷம் என் பெட்டியில் கைவிட்டவன், ஆற்றுக்குப் போகும்போதெல்லாம் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றை நிரப்பிக்கொண்டிருக்கிறான். அதுவும் எனக்குத் தெரியாமல். எனக்கு அவமானமாக இருந்தது, மேடம். மன்னிப்புக் கேட்பான் என்று சில வாரம் பார்த்தேன். அவன் அதைச் சொன்னதையே மறந்துவிட்டிருந்தான்.

ஜூன் மாதம் கடைகளில் பெரிய தோட்டா தீர்ந்துபோனது. டுவைட் என் கார் ஷெட்டுக்கு வந்து மேசையில் ஏறி உட்கார்ந்தான். மேசையில் உட்காராதே என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"ஊர்ல ஒரு கடையிலயும் சரக்கு இல்லடா. சால்மன் ஏற ஆரம்பிச்சிருச்சு, நான் மேல் ஓடைக்குப் போகணும். நீதான் செஞ்சு குடுக்கணும்."

"கரடிக்கா?"

"பின்ன, கொசுவுக்கா?"

"என் தோட்டா பரவாயில்லையா?" என்று கேட்டேன். அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன் என்று நீங்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.

"வேற வழி?" என்றான்.

இரண்டு பெட்டி செய்தேன். முதல் பெட்டியில் நல்ல தோட்டாக்கள், நான் செய்ததிலேயே நல்லவை. இரண்டாவது பெட்டிக்குக் கனமான குண்டுகளை எடுத்தேன். மேசையில் தேவையில்லாத பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அதனால் மருந்து டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்கு உட்கார்ந்தேன். கூடுகளைப் பளபளவென்று தேய்த்தேன், கேப்புகளைப் பொருத்தினேன். மூடுவதற்கு முன் வழக்கம்போல டார்ச் அடித்து ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். எல்லாமே காலி. தப்பித்தவறி ஒன்றில்கூட ஒரு துகள் மருந்து இல்லை. பிறகு குண்டுகளை வைத்து மூடி, பெட்டி மேல் 'கரடிக்கு மட்டும்' என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான். டுவைட் முதல் பெட்டியைப் பிரித்துச் சுட்டான். ஒரே இடத்தில் ஓட்டை மேல் ஓட்டையாக விழுந்தது. இரண்டாவது பெட்டியை நீட்டி, "இத இங்க வீணாக்காதடா, குண்டு கிடைக்கிறது கஷ்டம்" என்றேன். அவன் அதில் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினான்.

"சத்தமே கேக்கலையேடா."

"மருந்து முழுக்க நிறைஞ்சிருந்தா சத்தம் வராது" என்றேன். அது உண்மை. எந்தப் புத்தகத்தைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும். நான் டுவைட்டிடம் பொய் சொன்னது கிடையாது.

அவன் தோட்டாவைப் பெட்டியில் திரும்ப வைத்தான். பிறகு என் தோளில் கை போட்டான். "இவ்வளவு நாளா முட்டாள்தனமா கடையில காசக் கொட்டிருக்கேன்டா. இனிமே ஆத்துக்கும் உன்னோடதுதான். அந்தக் கரடி விரட்டற மிளகாய் ஸ்ப்ரேயக்கூட வண்டியிலயே போட்டுடலாம்னு இருக்கேன், இடுப்புல இடிக்குது."

"ஸ்ப்ரேய எடுத்துட்டுப் போடா" என்றேன். இதையும் நீங்கள் குறித்துக்கொள்ளலாம். நான் சொன்னேன், அவன் கேட்கவில்லை.

அப்போதே பெட்டியைத் திரும்ப வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்தேன். மனசு கொஞ்சம் இளகியதும் உண்மை. ஆனால் கேலி செய்தபோது ஊரே கூடியிருந்தது. பாராட்டியபோது நான் ஒருவன்தான் இருந்தேன். அதை இதற்கு ஈடாக வைத்தால் கணக்கு எப்படிச் சரியாகும்? தவிர, செய்துமுடித்த வேலையைப் பிரிப்பது எனக்குப் பழக்கமில்லை.

அவன் கிளம்புவதற்கு முன்தினம் மார்லீன் வந்தாள், டுவைட்டின் மனைவி. ரூபார்ப் ஜாம் கொண்டுவந்திருந்தாள். "அவரு தனியா போறாரேன்னு ஒவ்வொரு வருஷமும் எனக்குத் தூக்கமே வராது. இந்த வருஷம் நீங்க செஞ்சு குடுத்தது இருக்கு, நிம்மதியா தூங்குவேன்" என்றாள். ஜாம் நன்றாக இருந்தது.

கரடி வரும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் டுவைட் ஒருமுறைகூடத் துப்பாக்கியை உருவ வேண்டி வந்ததில்லை. கரடியை நான் அனுப்பவில்லை. அது தன் குட்டிகளோடு மீன் தின்ன வந்தது. எதிர்க்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் உங்களிடம் சொன்னதைத்தான் என்னிடமும் சொன்னார். டுவைட் நிதானமாகக் குறி வைத்தானாம். பாட்டில் மூடி திறக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் வந்ததாம். மருந்து இல்லாத கேப்பின் பலம் அவ்வளவுதான். குண்டு குழலுக்குள் பாதி போய்ச் சிக்கிக்கொள்ளும், அதன் பிறகு தோட்டாக்கள் இருக்கும் சுழல் வட்டு திரும்பாது. டுவைட் விசையை இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறான். கடைசிவரை கரடியைப் பார்க்காமல் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டு நின்றானாம். அவனால் நம்ப முடியவில்லை போலிருக்கிறது.

நான் அழுதேன். நண்பன் அல்லவா.

நீங்கள் என் வீட்டுக்கு வந்த அன்று எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். நீங்கள் எதையும் கேட்கவில்லை. "உங்க மேல தப்பு சொல்ல வரல சார், மனசத் தளர விடாதீங்க" என்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தீர்கள். மிச்சத் தோட்டாக்களைப் பிரித்துப் பார்க்க வெர்னைக் கூப்பிட்டீர்கள். எல்லாம் காலி என்றதும் அவர் தலையை ஆட்டிக்கொண்டு, "புனல்ல மருந்து தீந்துபோயிருக்கும், இவன் கவனிச்சிருக்க மாட்டான். வயசாயிருச்சில்ல" என்றார். நீங்கள் அதை அப்படியே அறிக்கையில் எழுதிவிட்டீர்கள். கவனக்குறைவு, விபத்து.

என் மேசைக்கு முன்னால்தான் இருவரும் நின்றுகொண்டிருந்தீர்கள். அதில் புனல் எங்கே இருக்கிறது, மேடம்? தராசு இருந்தது, டார்ச் இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்கிறவனைப் பார்த்துக் கவனிக்கவில்லை என்கிறீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன ஆகும் என்று தெரியும். பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

இறுதிச் சடங்கில் வெர்ன் பேசினார். "டுவைட் அன்னைக்கே சொன்னான், கரடிக்குக் கடைத் தோட்டாதான்னு. நாமதான் வெவரம் புரியாம சிரிச்சோம்." கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. டுவைட் சொன்னது சரியாம். அந்த வாரமே கிளப் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள், அடுத்தவர் செய்த தோட்டாவை யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று. என் பெயரைப் போடவில்லை. அது அவர்கள் பெருந்தன்மை.

பிறகு வெர்ன் என் வீட்டுக்கு ஒரு பரிசோடு வந்தார். புனலில் மருந்து குறைந்தால் கீச்சிடும் கருவி. "இத மாட்டிக்கப்பா. இனிமே இப்படி நடக்காது" என்றார். அதை எங்கே மாட்டுவது என்று கேட்க நாக்கு துடித்தது. வாங்கி வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனால் என் பக்கத்து மேசைகளில் யாரும் உட்காருவதில்லை. நான் துப்பாக்கியை எடுத்ததும், ஏதோ வேலை இருப்பதுபோல் வண்டிப் பக்கம் நகர்ந்துவிடுகிறார்கள். அதையும் பொறுத்தேன்.

நேற்று மார்லீன் வந்தாள். கறுப்பு உடை, கண் வீங்கியிருந்தது. கதவு திறந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நான் உங்கள மன்னிச்சிட்டேன் ஆர்வில். வயசான காலத்துல கை பிசகறது யாருக்கும் நடக்கும். நீங்க வேணும்னா செஞ்சீங்க? அவரு இருந்திருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பாரு." என் விரல்களைத் தடவிப் பார்த்தாள், நடுங்குகிறதா என்று. நடுங்கவில்லை. அவளுக்கு அது தெரியவில்லை.

டுவைட் போன அன்றுகூட நான் தூங்கினேன். நேற்று தூங்கவில்லை. காலையில் சவரம் செய்துகொண்டு நானாகவே வண்டியை ஓட்டிக்கொண்டு இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

உங்களிடம் கேட்பது அதிகம் இல்லை. அறிக்கையில் கவனக்குறைவு என்று எழுதியதை அடித்துவிடுங்கள். பெட்டி முழுவதும் வேண்டுமென்றே காலியாக வைக்கப்பட்டது, ஒவ்வொன்றும் சோதித்துப் பார்க்கப்பட்டது என்று எழுதுங்கள். அதன் ஒரு நகலை கிளப்புக்கு அனுப்பிவிடுங்கள், வெர்ன் அதைச் சத்தமாகப் படிக்கட்டும். சிறை என்றால் சிறை, அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

மார்லீனிடம் மட்டும் நீங்களே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். நல்ல பெண், ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறாள். அவள் எனக்குக் கொடுத்த மன்னிப்பை நான் வைத்துக்கொள்ள முடியாது, திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது கை பிசகியவனுக்குக் கொடுத்தது. என் கை பிசகவே இல்லை.