குடிக்கவில்லை என்று ஒரு வரி

பதுளையிலிருந்து மடுல்சீமைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“டிவிக்காரங்க மன்னிப்புக் கேட்டுட்டாங்களாம்க்கா, ஒருத்தருக்கும் தெரியாம” என்றாள் இளையவள். தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி கவிழ்ந்து செத்துப்போன டிரைவரின் மனைவி அவள் என்பது பேச்சிலிருந்து புரிந்தது. அவர் குடித்துவிட்டு ஓட்டினார் என்று அன்று செய்தியில் சொல்லியிருக்கிறார்கள்.

“ஆஸ்பத்திரி ரிப்போட்டக் காட்டுனியா?”

“காட்டாம இருப்பேனா? ஒரு சொட்டுக்கூட குடிக்கலன்னு அதுல எழுதியிருக்கு. மொதல்ல ஒரு ஆபீசுக்குப் புகார் எழுதி அனுப்புனேன். நாங்க பத்திரிகைய மட்டுந்தான் விசாரிப்போம்னாங்க. இன்னொரு எடத்துல சிங்களத்துல எழுதித் தரச் சொன்னாங்க. ஒரு வருசமா அலைஞ்சு சலிச்சுப் போச்சுக்கா. கடைசியில டிவியில கீழ ஒரு வரி ஓடுச்சாம். அண்ணன் மக பாத்திருக்கா. படிச்சு முடிக்கிறதுக்குள்ள போயிருச்சாம்.”

“டிவிக்காரன அடக்கச் சொல்லி கவுருமெண்டு கையில சட்டத்தக் குடுத்தாலும் பயம்தான் புள்ள. நம்ம சம்பளப் போராட்டத்தக் காட்டுறவன் வாயையும் சேத்து மூடிருவாங்க.”

“யாரு வாயையும் மூட வேணாம்க்கா. அன்னைக்குக் கத்திக் கத்திச் சொன்ன அதே ஆளு, அதே நேரத்துல, அதே சத்தத்துல, அவரு குடிக்கலன்னு சொல்லட்டும். அதச் சொல்ல வைக்க ஒரு சட்டம் இல்லையா?”

தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பிரியும் பாதையில் இருவரும் இறங்கினார்கள்.

“யாரு அந்தப் புள்ள?” என்று கண்டக்டரிடம் கேட்டார் ஒருவர்.

“தெரியாதா? குடிச்சிட்டு லொறியக் கவுத்தாரே, அவரு சம்சாரம்.”