ஆப்பிள் பெட்டியோடு விடைபெறும் முனகாட்டா ஐயாவுக்கு

மினகாவா ஊரின் பனிக்கும் பணியாத பெருந்தகையீர்! முகம் சுளித்தவரையும் முகம் மலர்ந்து வணங்கிய முனகாட்டா கென்சோ ஐயா அவர்களே! தங்கள் அலுவலகப் பணியாளர் நால்வரின் நன்றி வணக்கம்!

முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன், ரயிலடி வாசலில் ஆரஞ்சுப் பழப்பெட்டியைக் கவிழ்த்து ஏறி நின்று, வேலைக்கு ஓடுவோரையெல்லாம் குனிந்து வணங்கினீர்கள். "தள்ளி நில்லுய்யா, ரயில் போயிடும்!" என்று ஏசியவருக்கு இன்னும் தாழ்ந்து ஒரு வணக்கம். நகர்மன்றம், நாடாளுமன்றம், துணை அமைச்சர் பதவி என்று உயர்ந்தபின்னும் பெட்டியை மாற்றவில்லை. ஆணி மட்டும் அடிக்கச் சொன்னீர்கள்.

சென்ற ஆண்டுப் பெரும்பனியில் வந்தது வீழ்ச்சி. ஒரே நாளில் தொகுதியில் இரண்டு சாவு. அரசியல்வாதி சாவு வீட்டுக்கு நேரில் போய் உறையில் அஞ்சலிப் பணம் வைத்தால் மரியாதை. ஆள்வசம் அனுப்பினால் வாக்காளருக்குத் தந்த அன்பளிப்பாகிச் சட்டப்படி குற்றம். பாதை அடைபட்டதால் ஒரு வீட்டுக்குத் தாங்கள் போய், மற்றதற்குச் செயலாளர் ஷிமோதாவிடம் உறையைக் கொடுத்தனுப்பினீர்கள். அது தவறுதான். தாங்களே ஒப்புக்கொண்டதை நாங்கள் மறைப்பானேன்?

ஷிமோதா உறையை நீட்டும் படம் வார இதழில் வந்தது. ஊர் ஊழல் என்றது. கட்சிக்காரர்கள் ஓடிவந்தார்கள். "ஐயா, செயலாளர் தானா செஞ்சுட்டார்னு சொல்லிடுங்க. எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க? பதவி தப்பிச்சிடும்." தேநீர்த் தட்டோடு அங்கேயே நின்றிருந்தார் ஷிமோதா. தாங்கள் தலையசைத்திருந்தால் அவருக்கு வேலையும் போய்ப் பெயரும் போயிருக்கும்.

அவர்கள் எழுதித் தந்த அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நிருபர்களிடம் சொன்னீர்கள்: "அனுப்பினது நான். வேணாம்னு அவர் சொன்னாரு, நான்தான் கேக்கல."

பதவி போயிற்று. அபராதமும், தேர்தலில் நிற்க ஐந்தாண்டுத் தடையும் வந்தன. இனி நிற்கவே மாட்டேன் என்று அறிவித்துவிட்டுத் தங்கள் ஆப்பிள் தோப்புக்குத் திரும்புகிறீர்கள். எச்சரிக்கையோடு விடப்பட்ட ஷிமோதா அடுத்த மாதம் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்கிறார். இம்மடலைத் தங்கள்முன் வாசிப்பவரும் அவரே.

வாக்காளரான எங்களுக்கும் அன்பளிப்பு கூடாதென்பதால் இத்தனை ஆண்டும் தங்கள் தோப்பு ஆப்பிளைக் கடையில்தான் வாங்கினோம். இன்று காலை ஒரு பெட்டியோடு வந்தீர்கள்.

"ஐயா, சட்டம்!" என்று பதறினார் ஷிமோதா.

"யோவ், இப்ப நான் வெறும் தோட்டக்காரன்யா. எடுத்துத் தின்னுங்க!"

தின்றோம் ஐயா! அப்படியொரு இனிப்பு! தாங்களும் துணைவியார் சுமியே அம்மையாரும் நலத்தோடு நூறாண்டு வாழ்க! மடலின் ஓரம் சற்றுப் பிசுபிசுத்தால் பொறுத்தருள்க. கை கழுவ மனம் வரவில்லை.

அன்பில் கட்டுண்ட,
முனகாட்டா அலுவலகப் பணியாளர்கள்