ஸ்டூலும் செடிதானே

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, சார். எதிர்வீட்டுக்காரர்கள் பால்கனி என் சமையலறை ஜன்னலுக்கு நேரெதிரே இருந்தால் நான் என்ன செய்ய? கண்ணை மூடிக்கொண்டா வெங்காயம் நறுக்க முடியும்?

அந்த வீட்டு நாற்காலிக்காரி நல்ல பெண். சந்தையில் மிஞ்சுகிற வாழைமட்டை, சோளச் சக்கை, உமி எல்லாவற்றையும் மூட்டை கட்டி நாலாவது மாடிக்கு ஏற்றுவாள். அரைத்து, மாவுப் பசை சேர்த்து, அச்சில் அழுத்திக் காயவைத்தால் நாற்காலி. முதலில் நாங்கள் குப்பைக்காரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். நாங்கள் என்றால் நான்தான்.

"இது உடையாதாடி?" என்று கேட்டேன்.

"மேல மெழுகு இருக்கிறவரைக்கும் கல்லு மாதிரி நிக்கும்க்கா. மெழுகு போய் ஈரம் ஏறிச்சுன்னா மக்கிப்போயிடும். அதுதான் இதோட அழகே."

"அக்காகிட்ட சொல்லிட்டியா? சாயங்காலத்துக்குள்ள தெரு முழுக்கத் தெரிஞ்சிடும்" என்று அவள் புருஷன் சிரித்தார். தெரிந்தது. நல்ல விஷயம்தானே.

தங்கமான மனிதர். காலையில் டீ கிளாஸோடு பால்கனிக்கு வந்து, அவள் செய்த உயரமான ஸ்டூலில் ஏறி, இடுப்பளவுக் கம்பியில் முதுகைச் சாய்த்து உட்காருவார். அதற்குமுன் எனக்கு ஒரு தலையாட்டல்.

அப்புறம் ஒரு கம்பெனி அவள் நாற்காலிகளைப் பற்றி விசாரித்தது. "வந்து பாக்குறாங்கக்கா. பிடிச்சுதுன்னா ஃபாக்டரி இருக்கிற ஊருக்கே போயிடுவோம்." போனால் எதிர்வீடு காலியாகிவிடும். புதிதாக வருகிறவர்கள் திரைச்சீலை மாட்டிவிட்டால் என் கதி என்ன, யோசியுங்கள்.

கம்பெனிக்காரர் வருவதற்குமுன் அவளும் புருஷனும் கொஞ்ச நாள் அவளுடைய அம்மா வீட்டுக்குப் போனார்கள். சாவியைக் கொடுத்து, "செடிக்குத் தண்ணி மட்டும் ஊத்திடுங்கக்கா" என்றாள்.

ஊற்றினேன். ஸ்டூலும் செடிதானே, சார்? கரண்டியால் அடிமெழுகைச் சுரண்டிவிட்டு, ரோஜாவுக்கு ஊற்றிய மிச்சத்தை அதன் கால்களுக்கும் ஊற்றினேன். கம்பிப் பக்கத்துக் கால்களுக்குத்தான். ரோஜாத் தொட்டி அந்தப் பக்கம் இருந்தது, வேறொன்றுமில்லை. நாளாக நாளாக உள்ளே பஞ்சாகிவிட்டது. வெளியே ஒரு கீறல் தெரியவில்லை, அவள் கைவேலை அப்படி. கம்பெனிக்காரரை அதில்தான் கூடத்தில் உட்காரவைப்பதாகச் சொல்லியிருந்தாள். லேசாக ஆடும், அவர் முகம் சுளிப்பார், போய்விடுவார். நான் நினைத்தது அவ்வளவுதான்.

அவர்கள் திரும்பிவந்த மறுநாள் காலை, கம்பெனிக்காரர் வருவதற்கு முன்னாலேயே அவள் புருஷன் டீயோடு பால்கனிக்கு வந்துவிட்டார். நான் ஜன்னலில்தான் நின்றேன். சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாரே? எனக்கு வாய் அடங்காது என்று ஊரே சொல்லும். அன்றைக்கு அடக்கினேன். அவர் தலையாட்டினார், நானும் ஆட்டினேன். ஏறி உட்கார்ந்தார். சாய்ந்தார்.

கீழே கிளாஸ் உடைந்த சத்தம்தான் முதலில் கேட்டது.

குப்பையில் செய்தால் இப்படித்தான் ஆகும் என்று தெருவே அவளைத் தூற்றுகிறது. அவளும், "நான் செஞ்ச ஸ்டூலே அவரைக் கொன்னுடுச்சேக்கா" என்று என் மடியில் படுத்து அழுகிறாள். கேட்கப் பொறுக்கவில்லை. அவள் வேலையில் ஒரு குறையும் இல்லை, அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்காகத்தான் நானே ஸ்டேஷனுக்குக் கிளம்பி வந்தேன்.

சாயங்காலத்துக்குள் விட்டுவிடுவீர்கள்தானே? கம்பெனிக்காரர் அப்புறம் வரவே இல்லை, அவளும் எங்கும் போகவில்லை. சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, செடிகள் வாடிவிடும். பாவம், அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?