முகம் கேட்கும் செயலி

"முகத்தைப் படம் எடுக்கணும்னா இந்தச் சோத்தை நீயே திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிரு."

கோலா சாவா ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டு அம்மா இப்படிச் சொன்னார். மடியில் சோறும் கோழிக்கறியும் நிறைந்த தூக்குச்சட்டி. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண். கேண்டீனில் மிஞ்சும் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும் இந்த அம்மா போன்றவர்களுக்காகச் செயலி செய்கிறாளாம்.

"டெஸ்ட்தான் ஆண்ட்டி. வாங்குறவங்க படம் இல்லேன்னா அடுத்த பக்கம் போகாது."

"அதை யாரு பாக்குறது?"

"நாங்கதான். சாப்பாடு போய்ச் சேந்துச்சான்னு தெரியணும்லா."

"அப்ப நான் வித்துருவேன்னு சந்தேகம்."

பெண் போனைத் திருப்பி அந்தப் பக்கத்தைக் காட்டினாள்.

"தோட்டத்து லயத்து வீடுகள்ல இது என் சமையல்னுதான் வாங்குறாங்க. அதுக்குத்தான் பொட்டலத்தைப் பிரிச்சு என் சட்டியில கொட்டிக்கிறேன். அங்க ஒரு பெரியவரு, கேண்டீன் மிச்சம்னு தெரிஞ்சா பட்டினி கெடப்பாரு, கை நீட்ட மாட்டாரு. நம்பலைன்னா நீயே வந்து பாரு."

பெண் போனை அணைத்தாள். பிறகு அதைப் பைக்குள் போட்டாள். கோலா சாவாவில் இருவரும் எழுந்தார்கள். தூக்குச்சட்டியை அவளே வாங்கிக்கொண்டாள்.

படியில் இறங்கும்போது கேட்டாள்: "கோழிக்கறியில என்னென்ன போட்டீங்க ஆண்ட்டி? அவரு கேட்டா நானும் ஒரே மாதிரி சொல்லணும்லா."