கடைசித் தாவலுக்கு மூன்று பிக்சல்

காபி ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள் ரெனிட்டா. கீழே பஞ்சு மார்க்கெட் லாரிச் சத்தம் உங்கள் ரெக்கார்டரில் விழத்தான் செய்யும். ராஜபாளையத்தில் இந்த வாடகைக்கு இதைவிட அமைதியான மாடி கிடைக்காது.

விண்வெளியில் தாவித் தாவிப் போகிற ஒரு வீடியோ கேமை எது விளையாடத் தகுந்ததாக்குகிறது என்று கேட்டீர்கள். என் ‘நிலாத் தாவல்’ வெளியானதிலிருந்து எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, கிராபிக்ஸ் அருமை என்று அவர்களே எழுதியும் விடுகிறார்கள். எரிச்சலாக வருகிறது. கறுப்பு வானத்தில் நாலு நட்சத்திரத்தைத் தூவினால் போதுமா? நேற்று ஒருவர், ராக்கெட்டின் நிறம் பிடித்தது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தார்.

நிறத்தில் ஒன்றுமில்லை. ஈர்ப்பு குறைவான இடத்தில் பொம்மை மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். அந்த மெதுவில்தான் கேம் இருக்கிறது. அடுத்த பாறை எட்டுமா எட்டாதா என்பது விழுவதற்கு முன்பே ஆடுபவனுக்குத் தெரிந்துவிட வேண்டும். தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் அவன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விழுந்ததும் உடனே தூக்கி நிறுத்திவிட வேண்டும். காக்க வைத்தால் போனைக் கீழே வைத்துவிடுவான். முக்கியமாக, விழுந்தவன் கேமைத் திட்டக் கூடாது, தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டும். தப்பு தன் விரலில்தான் என்று நம்புகிறவரை அவன் விளையாடுவான்.

இதையெல்லாம் நான் எங்கும் படிக்கவில்லை. என் தம்பியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நன்றிப் பட்டியலில் முதல் பெயராக வரும் விஜயபாண்டி யார் என்று கேட்டீர்களே, அவன்தான்.

வீடு வன்னியம்பட்டியில். அப்பா மலைச்சாமி, ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை என்றால் போலீஸ், தவறினால் மிலிட்டரி. வருசா வருசம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அப்பா எங்கள் இருவரையும் மாட்டுக்கொட்டகை நிலைக்காலில் சாய்த்து நிறுத்தி, தலைமட்டத்தில் ஆளுக்கு ஓர் ஆணி அடிப்பார். என் ஆணி பதினேழு வயதில் நின்றுவிட்டது. கம்பியில் தொங்கவிட்டுப் பார்த்தார், முட்டை கொடுத்துப் பார்த்தார். போலீஸ் எழுத்துத் தேர்வில் நல்ல மார்க். விருதுநகரில் உயரம் அளந்தபோது அரை சென்டிமீட்டர் குறைந்தது.

மைதானத்து வேலிக்கு வெளியே நின்றிருந்த அப்பா, “அம்புட்டுதானாலே நீ” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் ஏறினோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் தம்பிக்குப் பிடிக்கும் என்று பால்கோவா வாங்கினார்.

எனக்கு அதில் வருத்தமெல்லாம் இல்லை. கம்ப்யூட்டர் படித்தேன், இந்தத் தொழிலுக்கு வந்தேன். தம்பியின் ஆணி என்னுடையதைவிட ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

போன வருசம் அவன் எழுத்துத் தேர்வில் தேறினான். உடல்தகுதித் தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. நான் அப்போது கேமை முடிக்கும் நிலையில் இருந்தேன். சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும். “செத்த நேரம் ஆடிப் பாருலே, எங்க இடிக்குன்னு சொல்லு” என்று அவன் போனில் போட்டுக் கொடுத்தேன். பிடித்ததை விடாத ஆள் அவன். முப்பத்தொன்பது கட்டங்களை ஒரே வாரத்தில் முடித்தான்.

நாற்பதாவதுதான் கடைசி. உடைந்த செயற்கைக்கோளின் நுனியிலிருந்து தாய்க்கலத்துக்குத் தாவ வேண்டும். நுனிவரை ஓடிவந்து சரியான நேரத்தில் தாவினால் சரியாக எட்டும். நீங்கள் விளையாடியதும் அதுதான். அவன் போனில் மட்டும் நான் அந்த இடைவெளியை மூன்று பிக்சல் கூட்டி வைத்தேன். பிக்சல் என்றால் திரையில் ஓர் ஊசிமுனைப் புள்ளி. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒன்றே ஒன்று கூடினாலும் யாராலும் தாண்ட முடியாது. என்னாலும் முடியாது.

ஒரு நாள் மட்டும் பார்ப்போம் என்றுதான் செய்தேன். ஒரு மனிதன் எத்தனை தடவை முயல்வான் என்பது கேம் செய்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? அவன் நாலு நாள் விடாமல் ஆடினான். ஐந்தாம் நாள், கொஞ்சம் சுலபமாக்கியிருக்கிறேன் என்று புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். சத்தத்தை மட்டும் மாற்றியிருந்தேன். நான் நோட்டுடன் அவன் கட்டில் பக்கத்தில் உட்காருவேன். எப்போது உதட்டைக் கடிக்கிறான், எங்கே மூச்சை நிறுத்துகிறான், எத்தனையாவது தடவையில் போனைத் தலையணையில் எறிகிறான், எறிந்தபின் எவ்வளவு நேரத்தில் திரும்ப எடுக்கிறான் என்று குறித்துக்கொள்வேன். மற்ற கட்டங்களை அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் திருத்தினேன். கை வைத்தால் விடமுடியவில்லை என்று எழுதுகிறார்களே, அது அவன் முகம்.

“அண்ணே, இத நெசமாவே தாண்ட முடியுமாண்ணே?” என்று ஒருநாள் கேட்டான்.

நான் தாண்டும் வீடியோவை அனுப்பினேன். பொய் இல்லை, என் போனில் நான் தாண்டியதுதான் அது. இருபது தடவையாவது பார்த்திருப்பான். “ஒனக்குன்னா சரியா வருது. எனக்குத்தான் வெரலு வணங்கல” என்றான்.

விடிந்ததும் மடவார் வளாகம் கோயில் வரை ஓடிவிட்டு வருவான். அது வாரத்தில் நாலு நாளாயிற்று, இரண்டாயிற்று. வெயில் ஏறியபிறகும் கட்டிலில் கிடந்து “இன்னும் ஒரே தடவ” என்பான். நான் தடுக்கவில்லை. வயது வந்தவனை என்னவென்று தடுப்பது?

தேர்வன்று நானும் அப்பாவும் வேலியோரம் நின்றோம். அதே மைதானம். ஓட்டத்தை எப்படியோ முடித்துவிட்டான். பிறகு நீளம் தாண்டுதல். மூன்று வாய்ப்பு. எங்கள் தோட்டத்து வாய்க்காலை யோசிக்காமல் தாண்டுகிற கால் அவனுடையது. ஓடிவந்தான், கோட்டுக்கு முன்னால் நின்றுவிட்டான். இரண்டாவது தடவையும் நின்றான். மூன்றாவது தடவை வெகுநேரம் மணலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஓடாமலே திரும்பி வந்தான். என்னப்பா என்று அங்கிருந்த அதிகாரி கேட்டதற்கு, “எட்டாது சார்” என்றான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் இந்தத் தடவை நான் பால்கோவா வாங்கினேன்.

அதற்குப் பிறகுதான் கேம் வெளியானது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளெல்லாம் கடைசித் தாவலைத் தாண்டி வீடியோ போட்டார்கள். தம்பி ஒவ்வொன்றாகப் பார்த்தான். “ஊரே தாண்டுது” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். சாப்பாடு குறைந்துபோயிற்று. போலீஸ் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான்.

போன வாரம் இந்தப் படிகளில் தடதடவென்று ஏறிவந்தான். அவன் கூட்டாளி சதீஷின் போனில் ஆடியிருக்கிறான். முதல் தடவையிலேயே தாண்டிவிட்டானாம். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தேன், அது சத்தியம்.

அவன் கேட்கவில்லை. “எம்போன்தான்ணே சரியில்ல. டச்சு செத்துப்போச்சு போல. நான் என்னமோ என்னயவே…” என்றவன் மேலே பேச முடியாமல் அழுதான். என் மேல் அவனுக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. அடுத்த ஆளெடுப்புக்கு எழுதிப்போடப் போகிறானாம். மறுநாளே ஓடவும் கிளம்பிவிட்டான். அப்பா ஸ்டாப் வாட்ச்சோடு பின்னாலேயே பைக்கில் போனார். எனக்காக அவர் அப்படி வந்ததில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

முந்தாநாள் தம்பிக்குப் புது போன் வாங்கிக் கொடுத்தேன். நல்ல போன், டச் பிரமாதமாக இருக்கிறது. கேமை நானே என் கையால் போட்டுக் கொடுத்தேன். இனிமேல் போனைக் குறை சொல்ல அவனுக்கு வழியில்லை. ஆனால் பழையபடி மூன்று பிக்சல் வைக்க மனசு வரவில்லை ரெனிட்டா. ஒன்றே ஒன்றுதான் வைத்திருக்கிறேன். கூடப் பிறந்தவனாயிற்றே, அந்த இரக்கம்கூட இல்லாமல் இருக்க முடியுமா?