மோதிரத்துல அழுக்கைக் காணோம்

...அழுக்கு எங்கேன்னு கேக்குறாம்மா அந்த ஆளு. ஒரு மோதிரத்தை எடுத்துக்கிட்டு கார்த்தஹேனா வரைக்கும் போயிருக்கேன், இந்த வெயில்ல, இந்த பஸ்ல, இடுப்பு ஒடிய. கல்லைப் பாத்து அசந்து போவான்னு நெனச்சா, பூதக்கண்ணாடியைக் கண்ணுல சொருகிக்கிட்டு அப்படிப் பாக்குறான், இப்படிப் பாக்குறான், கடைசில நிமிந்து, "இதுல இருந்த அழுக்கெல்லாம் எங்கம்மா போச்சு"ங்குறான். நான் என்னத்தச் சொல்றது? எங்க வீட்டுல அதெல்லாம் வச்சுக்கிறதில்லய்யான்னேன்.

உனக்கு எடம் பத்துதா? நல்லா உக்காரு, பையை மடியில வச்சுக்கோ. எங்க ஊரு மோம்போஸ்தானே போற? அப்பப் பொழுது கெடக்கு. இந்தா, பாலாடைக்கட்டி. சும்மா எடுத்துக்கோ, எனக்கு வேணாம்... புதுசா வந்திருக்கிற வாத்தியாரம்மாவா நீ? அதான பாத்தேன், தெரியாத மொகமா இருக்கேன்னு.

அப்ப உனக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காது. எங்க கோயில்ல பெரிய வெள்ளிக்கு வியாகுல மாதா பவனி வரும். மாதா விரல்ல ஒரு மரகத மோதிரம் இருக்கும். அது எங்க வீட்டு மோதிரம், வழிவழியா வந்தது. மோதிரம் எந்த வீட்டுதோ அந்த வீட்டுப் பொம்பளதான் மாதாவுக்கு உடுத்துவா. எங்க அம்மா உடுத்தினாங்க, அவங்களுக்கு அப்புறம் நான். கோயில் கதவைச் சாத்திடுவாங்க. உள்ள மாதாவும் நானும் மட்டும்தான். சிக்கெடுத்து முடி வாருவேன், கறுப்புப் போர்வைய மடிப்பு மடிப்பா ஊசி குத்தி நிறுத்துவேன், கண்ணாடிக் கண்ணைத் தொடச்சு விடுவேன். எங்க வீட்டுக்காரர் செத்தப்ப நான் ஒருத்தர் முன்னாடியும் அழலம்மா, அங்கதான் அழுதேன். அந்த உரிமைதான் இன்னைக்குப் போச்சு. கொஞ்சம் அழுக்கு இல்லாததால போச்சு.

யாருக்குப் போச்சுன்னு கேளு. அதோ, டிரைவருக்குப் பின் சீட்டுல, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் தூங்குது பாரு, மஞ்சத் துணி தலையில கட்டிக்கிட்டு... அதுதான் உபல்தினா. மெதுவாப் பாரு, மொறச்சுப் பாக்காத. அவகிட்டயும் ஒரு மரகத மோதிரம் இருக்கு, ரெண்டுல எது மூத்ததுன்னு பாக்கத்தான் கார்த்தஹேனா போனோம். எந்த லட்சணத்துல இருக்குன்னு நெனைக்கிற? மீன் கழுவுறது அந்த விரலோடதான், மாவு பெசையிறது அந்த விரலோடதான், பன்னிக்குத் தவிடு கலக்குறதும் அதோடதான். கழட்டி வச்சா யாராவது கொண்டு போயிடுவாங்களாம். கல்லுக்கும் தங்கத்துக்கும் நடுவுல ஒரு தோட்டமே போடலாம், அம்புட்டு மண்ணு.

அதைக் கையில வாங்கினதும் அந்த இரியார்த்தே, அதான் மதிப்புப் போடுற ஆளு, அப்படியே உருகிட்டான். "அடடா, என்ன அருமையான அழுக்கு!" இந்தக் காதால கேட்டேன். ஊசி முனையால அதைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறான். பெத்த புள்ளையக்கூட யாரும் அப்படிக் கொஞ்ச மாட்டாங்க. இவ வேற, என்னமோ பாடுபட்டு வளத்த மாதிரி, வெக்கப்பட்டுக்கிட்டு நிக்கிறா.

அப்புறம் எனக்குப் பாடம் நடத்துறான். மோதிரத்துக்கு வயசு பாக்கணும்னா கல்லை விட்டுடுங்கம்மா, கல்லு ஒண்ணும் சொல்லாது, தங்கம்தான் சொல்லும்ங்குறான். நான் விடுவேனா? கல்லுக்கு என்ன வயசிருக்கும், அதைச் சொல்லுன்னேன். ஆறு கோடி வருஷம் இருக்கும்னான். அப்ப அதை எழுதுய்யா, ஆறு கோடி வருஷம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு, இவ அதுக்கு மேல எங்கேருந்து கொண்டு வந்துடுறான்னு பாக்குறேன்னேன். சிரிக்கிறான். "அவங்க கல்லுக்கும் அதே வயசுதாம்மா"ங்குறான். படிச்சவங்களுக்கு எதுக்கும் ஒரு பதில் கையிலயே இருக்கும்... உன்னைச் சொல்லலம்மா, நீ சாப்புடு.

கல்லை விட்டுட்டு வளையத்துக்கு வந்தான். பழைய மோதிரம்னா உள்ளங்கைப் பக்கம் தேஞ்சு நூலாப் போயிருக்கணுமாம். இவளோடது தேஞ்சிருக்கு, இன்னைக்கு ஒடியுமோ நாளைக்கு ஒடியுமோன்னு இருக்கு. என்னோடது சுத்திவர ஒரே கனம். ஏன் இருக்காது? போன மாசந்தானே எலியேசெர் அந்தப் பழைய வளையத்தை அறுத்துப் போட்டுட்டுப் புதுசா வச்சான்.

எலியேசெர் எங்க தெருவுல நகை செய்றவன். கெட்டிக்காரன். நீ அப்படிப் பாக்காதம்மா, இது எங்க ஊரு வழக்கம். தவக்காலம் பொறந்தா, மாதா மேல ஏறுற சாமான் ஒண்ணு விடாமப் பட்டறைக்குப் போயிடும். கிரீடம், நெஞ்சுல குத்தியிருக்கிற வெள்ளி வாள், எல்லாம். மங்கலா ஒரு குண்டூசிகூட மாதா மேல இருக்கக் கூடாது. எங்க ஊர்ல ஒரு நகையைப் பாத்து, பழசா இருக்கேன்னு சொல்லிப் பாரு, சண்டைக்கு வந்துடுவாங்க. நேத்து செஞ்ச மாதிரி இருக்குன்னு சொல்லணும். அப்பதான் காப்பி குடுப்பாங்க.

அதனால வருஷா வருஷம் தேய்க்கக் குடுக்குறதுதான். இந்த வருஷம் கார்த்தஹேனா வரைக்கும் போகுதேன்னு கொஞ்சம் கூடுதலா பண்ணச் சொன்னேன். கொஞ்சம்தான். கல்லுக்கு மூலையெல்லாம் மழுங்கிப் போயிருந்துச்சு, பட்டை தீட்டச் சொன்னேன். பின்பக்கம் தங்கத் தகடு வச்சு மூடியிருந்துச்சு, அதைத் தொறக்கச் சொன்னேன். எலியேசெர் யோசிச்சான். "பழைய வேலைம்மா, நெஜமாவே தொறக்கவா"ன்னு ரெண்டு தடவை கேட்டான். தொறடா, வெளிச்சம் வரட்டும்னேன். ஏம்மா, போட்டோ எடுக்கப் போறப்ப தலை சீவாமலா போவாங்க?

இந்த இரியார்த்தே மோதிரத்தைக் கவுத்துப் பாத்துட்டு, "பின்பக்கம் மூடி இருந்திருந்தா அதை ஒண்ணை வச்சே நான் வயசு சொல்லியிருப்பேனே, அது எங்கம்மா"ன்னான். இவ எட்டிப் பாத்து, ஐயோ பெத்ரோனிலா, அதைத் தொலைச்சுட்டியாங்குறா. தொலைக்கலடி, எலியேசெரோட பட்டறைக் குப்பையில கெடக்குன்னு சொல்ல முடியுமா?

கடைசில தாள்ல எழுதிட்டான். உபல்தினா மோதிரம், இருநூறு வருஷத்துக்கு மேல. என்னோடது, போன மாச வேலை. போன மாசம்! என் வம்சத்து மோதிரம் இன்னும் பால்குடிகூட மறக்கல அவன் கணக்குல. என்னையும் நிறுத்திப் பல்லைப் புடிச்சுப் பாத்திருந்தா, பல்லு செட்டு புதுசு, பொம்பளயும் புதுசுன்னு எழுதியிருப்பான்.

என்ன... வயசுப் போட்டி யாரு வச்சதா? அதை விடு. பாலாடைக்கட்டி இன்னும் கொஞ்சம் எடுத்துக்கோ. வேண்டாமா... சரி. உன் பார்வையே சரியில்ல, நீ கிளாஸ்ல புள்ளைங்களையும் இப்படித்தான் பாப்பியா? நான்தான் வச்சேன். போதுமா?

இவ கோயில் சபையில வந்து என்ன கேட்டான்னா, ஒரு வருஷம் பெத்ரோனிலா உடுத்தட்டும், ஒரு வருஷம் நான் உடுத்துறேன்னு கேட்டா. அவ மக போன மழைக்காலத்துல செத்துப் போயிட்டா, ஒரே மக. கதவைச் சாத்திக்கிட்டு மாதாகூடக் கொஞ்ச நேரம் இருக்கணும் எனக்குன்னா. எல்லாரும் தலையாட்டினாங்க. எனக்கு என்ன தோணுச்சோ தெரியல. பங்கு குடுக்குறதுன்னதும் பொறுக்க முடியல. எந்திரிச்சேன். மாறி மாறியெல்லாம் வேணாம், யாரு மோதிரம் மூத்ததோ அவங்களே உடுத்தட்டும்னேன். நல்லா சத்தமாத்தான் சொன்னேன். கைதட்டுனாங்கம்மா.

ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது கெடச்சிருக்கும் எனக்கு. அதுவும் இல்லாமப் பண்ணிக்கிட்டேன்.

ஆனா இவ இருக்காளே, சரியான வெகுளி. ஜெயிச்ச திமிருல ரெண்டு வார்த்தை பேசுவான்னு பாத்தா, படியெறங்குறப்ப என் கையைப் புடிச்சுக்கிட்டா. "பெத்ரோனிலா, இவ்வளவு அழுக்கா இதை எப்படி மாதாவுக்குப் போடுறது? உன்னுது எப்படி ஜொலிக்குது, யார்கிட்ட குடுத்த?" இதான் கேக்குறா. கழுவிடாதீங்கன்னு அந்த ஆளு சொல்லத்தான் செஞ்சான். அவன் கார்த்தஹேனாக்காரன், மங்கலாப் போட்டா ஊரு என்ன பேசும்னு அவனுக்கு என்ன தெரியும்ங்குறா இவ. கேட்டவளுக்குத் தெரியாதுன்னு சொல்றதா? எலியேசெர்கிட்ட குடுன்னேன். வளையம் ஒடியிற மாதிரி இருக்கு, மாத்தச் சொல்லு. கல்லைத் தீட்டச் சொல்லு. பின்பக்கத்தைத் தொறக்கச் சொல்லு, அப்பதான் வெளிச்சம் வரும்னேன். பஸ் நின்னதும் நேரா அங்கதான் போறா.

அடுத்த வருஷம் நான் சபையில எந்திரிச்சு, இன்னொரு தடவை பாத்துடலாமே, வேற ஆள்கிட்டன்னு கேப்பேன். அப்பப் பாரு. ரெண்டும் புதுசுன்னு எழுதுவான், உரிமை பழையபடி என்கிட்டயே... அவகிட்ட ஒண்ணும் சொல்லிடாத, என்ன? உன்கிட்டதான் மனசு விட்டுப் பேசினேன்.

எங்க எந்திரிக்கிற? மோம்போஸ் இன்னும் வரல, ஆத்துப் பாலமே தாண்டல. ஜன்னலோரம் வேணும்னா சொல்லு, நான் நகந்துக்கிறேன்... முன்னாடி எதுக்குப் போற, அங்க எடமே இல்லம்மா. ஏம்மா... வாத்தியாரம்மா... அவ தூங்குறா, எழுப்பாத அவளை...